அட்டை ஏறிய மலை

வனப்பூங்காவின் வாயிலில் பேருந்திலிருந்து இறங்கிய ஒருவர் மலைப்பாதையில் நடக்க, அவருடைய காலுறைக்குள் ஓர் அட்டை புகுந்துகொண்டது. மாலையில் அவர் உச்சியிலிருந்து திரும்பியபோது, அது வெளியே தலைநீட்டி, வாயிலருகே ஊர்ந்துகொண்டிருந்த நத்தையைக் கண்டது.

“என்ன நத்தையண்ணே, இன்னும் இங்கேதானா? நான் உச்சிக்கே போய்வந்துவிட்டேன்!”

“அப்படியா தம்பி! அங்கிருந்து என்னென்ன தெரிந்தன?”

“காலுறைக்குள் என்ன தெரியும்? ஆனாலும், ஏறியது ஏறியதுதானே!”

“சரி, சீக்கிரம் இறங்கு. பேருந்து புறப்படப் போகிறது. ஈரமில்லாத ஊருக்குள் போய்விட்டால் நீ ஒருநாள்கூடப் பிழைக்கமாட்டாய்.”

“பொறாமைப்படாதீர்கள், அண்ணே!”

அவர் ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறினார். படிக்கட்டிலிருந்து அட்டையின் குரல் கம்பீரமாக ஒலித்தது:

“நீங்கள் மெதுவாகவே வாருங்கள். அடுத்த மலைக்கும் நான்தான் முதலில்!”