மூன்று மீட்டர்

கடைக்காரன் முன்னாலேயே, "இந்த பைனாகுலர் தண்டம்" என்று சொல்லி என் மானத்தை வாங்கியவள் என் மனைவி. அதனால் அதைச் சோதித்துப் பார்க்க அவளையே தெருமுனைக் கம்பத்தடியில், வெயிலில் நிறுத்தினேன். செய்தித்தாளை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். அவள் காதில் இயர்போன் இருந்தது. என் போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டு மதில்மேல் வைத்தேன்.

"ஊர்ல இல்லாத பைனாகுலர்! எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"வாயை மூடிட்டு நில்லு."

பைனாகுலரோடு வந்த குறிப்புத்தாளில் இருந்தபடி, முதலில் இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பினேன். தலைப்புச் செய்தியைப் படிக்க முடிந்தது. பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்க வளையத்தைத் திருப்பினேன். அதில் அவள் கையில் செய்தித்தாள் இல்லை. என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"உன்னை யாரு நடக்கச் சொன்னது?"

"நானா? கால் கடுக்க நின்னுட்டு இருக்கேன். உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

வெறுங்கண்ணால் பார்த்தேன். கம்பத்தடியில்தான் நின்றாள். இடக்கண்ணிலும் அப்படியே. வலக்கண்ணில் மருந்துக்கடையைத் தாண்டியிருந்தாள். அடுத்த முறை, பக்கத்து வீட்டு வாசல். அவள் கண் இமைக்கவில்லை.

அதற்கடுத்த முறை அவள் உடுத்தியிருந்த நீலம் மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. வளையத்தை எந்தப் பக்கம் திருப்பியும் தெளியவில்லை. குறிப்புத்தாளைப் புரட்டினேன். மூன்று மீட்டருக்குள் இருப்பது மங்கலாகவே தெரியும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

"இப்பவாவது தெரியுதா?" என்றாள் போனில்.

தெருமுனையில் செய்தித்தாள் விரித்தபடியே இருந்தது. மறுபடி வலக்கண்ணை வைத்தேன். நீலம்கூட இல்லை, ஒரே இருட்டு. மூடியைப் போட்டுவிட்டேனோ என்று தடவிப் பார்த்தேன். மூடி என் சட்டைப்பையில் இருந்தது.