முந்திரிக் கொட்டகையில் சர்க்கரைச் சோதனை

ஆலங்குடிப் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையில் மதியச் சாப்பாட்டு நேரம். கூரை ஓட்டைகளின் வழியே இறங்கும் வெயிலில், கொட்டை வறுத்த புகை மெல்லச் சுழல்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் பிரகதீஸ்வரி ஊசியோடு காத்திருக்கிறாள். கொட்டை உடைக்கும் அமுதவல்லியோ முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களை முந்தானைக்குள் மடக்கிக்கொள்கிறாள். சர்க்கரை இருப்பது தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். போன மாதம் ஒருத்தியை அப்படித்தான் நிறுத்தினார்கள். “பயப்படாதீங்கக்கா, இந்தத் திட்டத்துல சேந்தா மாசாமாசம் சோதனை இலவசம். ரிசல்ட் ஒங்க போனுக்கு மட்டுந்தான் வரும்.” “எந்த நம்பருன்னு பாரு ஆத்தா” என்கிறாள் அமுதவல்லி. பிரகதீஸ்வரி இன்சூரன்ஸ் பட்டியலைப் பார்க்கிறாள். பதினான்கு பெண்களுக்கும் ஒரே நம்பர். “எங்க போனெல்லாம் வீட்டுல பிள்ளைககிட்ட. இன்சூரன்சு எடுத்தப்ப சூப்பர்வைசர் நம்பரத்தான் குடுத்தோம்.” வாசலில் உட்கார்ந்திருக்கும் அவர் சட்டைப் பையில் அந்தப் போன் துருத்திக்கொண்டிருக்கிறது. “பதினாலு பேரு சர்க்கரையும் அவருக்கே ஏறட்டும்” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அமுதவல்லி சிரிக்கவில்லை. பிரகதீஸ்வரி பட்டியலில் அந்த நம்பரைக் கோடு போட்டு அடிக்கிறாள். “தாள்ல எழுதிக் கையில தாரேங்க்கா.” “எழுதாத. காதுல சொல்லிட்டுப் போ.” அமுதவல்லி விரலை நீட்டுகிறாள். சற்று நேரத்தில் பிரகதீஸ்வரி அவள் காதருகே குனிய, மற்றப் பதின்மூன்று பேரும் தூக்குவாளிக்குள் பார்த்துச் சாப்பிடுகிறார்கள்.