சென்னையில் இறங்கிய பிறகு

மேகம் வந்துவிட்டது.

திருச்சி இன்னும் தாண்டவில்லை. திரையின் மேல்பாதி முழுக்கக் கறுப்பு.

அவன் பிளாஸ்டிக் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிறகுதான் அது அவனுக்கே தெரிந்தது.

முன்னால் உட்கார்ந்து கணினியில் விமானம் ஓட்டுகிறவர் ஜெபராஜ். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணினி அவர் மகள் பியூலாவுடையது. இந்த விளையாட்டை அவர் தங்கை மகன் போட்டுக் கொடுத்தானாம்.

அவன் நிஜ விமானி.

போன வருடம் மழைக்காலத்தில் இதே பாதையில் ஆம்புலன்ஸ் விமானத்தில் பியூலாவை ஏற்றிக்கொண்டு போனவன் அவன்தான். அவளுக்கென்று ஒரு கல்லீரல் சென்னையில் காத்திருந்தது. ஜெபராஜ் பின்னால், ஸ்ட்ரெச்சர் பக்கத்தில், குளிருது என்ற அவள் காலைத் தேய்த்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

இதே இடம். இதே மாதிரி மேகம்.

அவன் விமானத்தைத் திருப்பினான். மதுரையில் இறக்கினான்.

செய்தது சரி என்று எல்லோரும் சொன்னார்கள். விசாரணையில் சொன்னார்கள். கம்பெனியில் சொன்னார்கள். வீட்டில் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பியூலா அந்த வாரமே போய்விட்டாள்.

"ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போங்க தம்பி" என்று ஜெபராஜ் போனில் கூப்பிட்டபோது, எதற்கு என்று அவன் கேட்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் வந்தான்.

அவரோ தட்டில் மக்ரூன் வைத்தார். நாற்காலியைத் தனக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்.

கேரியர் மோட். புது விமானியாகச் சேர்ந்து, கொடுக்கிற வேலையை முடித்து, காசும் நட்சத்திரமும் சேர்த்து மேலே போகிற ஆட்டம். அவனுக்கும் பழக்கம்தான். கூட வேலை பார்ப்பவர்களில் அதைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது.

இன்றைய வேலை, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு நோயாளி.

நோயாளிக்குப் பெயர் இல்லை. எடை உண்டு.

குளிருது என்று சொல்லாத நோயாளி.

பாதியில் திரும்பினால் வேலை தோல்வி. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். மேகத்தைப் பார்த்துத் திரும்புவதும் விமானியின் வேலைதான் என்று இதைச் செய்த புண்ணியவான்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். நிஜ மேகத்துக்குள் ஒருநாள் கொண்டுபோய் உட்கார வைத்தால் தெரியும்.

இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும். மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டான்.

ஜெபராஜ் திருப்பவில்லை.

கறுப்புக்குள் போனார். கண்ணாடியில் நாலு துளி. படம் லேசாக ஆடியது. அவ்வளவுதான். ஊர் மினி பஸ் இதைவிடக் குலுக்கும்.

மறுபக்கம் வெயில்.

அவனுக்கு அது பொய் வெயில் என்று தெரியும். அன்றைய மேகம் இறக்கையை முறித்துப் போட்டிருக்கும், அதுவும் தெரியும். இருந்தும், போயிருக்கலாமோ என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மீதே எரிச்சல் வந்தது.

செங்கல்பட்டு ஏரி வந்தது. பரங்கிமலை வந்தது. ஜெபராஜ் மெதுவாக இறக்கினார். கப்பலிலிருந்து பெட்டிகளை எடுத்து லாரிமேல் வைத்துப் பழகிய கை. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

எஞ்சினை நிறுத்தினார்.

வேலை வெற்றி என்றது திரை. நட்சத்திரங்கள் மின்னின. காசு ஏறியது. கீழே ஒரு பொத்தான். அடுத்த வேலைக்குப் போகலாமா?

இப்போது கேட்பார் என்று நினைத்தான். எனக்கே முடியுதே, உங்களுக்கு ஏன் முடியல?

ஜெபராஜ் அவன் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

"இதுவரைக்கும் நானே கொண்டு வந்துருதேன் தம்பி. இதுக்கப்புறந்தான் ஒண்ணும் வெளங்கல. கதவு தொறக்க மாட்டேங்கு. புள்ளைய எப்படி எறக்குறது? ஒங்களுக்குத் தெரியும்லா?"

அவனுக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தில் கதவு திறக்காது. ஆம்புலன்ஸ் வராது. இறங்கியதும் காசு, அதோடு நோயாளியின் கதை முடிந்தது. செய்தவர்கள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மதுரையில் அவனும் யோசிக்கவில்லை.

அன்று இறங்கியதும் பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மெல்லப் பிடிங்க, மெல்லப் பிடிங்க என்று ஜெபராஜ் யாரிடமோ கெஞ்சியது கேட்டது. அவன் முன்னால் பார்த்தபடி, அணைத்த சுவிட்சுகளையே மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தான். எழுந்துபோய் ஸ்ட்ரெச்சரை ஒரு பக்கம் பிடித்திருக்கலாம். மேகத்துக்கு அவன் பொறுப்பல்ல. இதற்கு அவன்தான் பொறுப்பு.

இதில் கதவு திறக்க வழியே வைக்கவில்லை ஐயா என்று சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் ஜெபராஜ் எழுந்து இடம் விட்டு நின்றுவிட்டார்.

அவன் கீபோர்டின் முன் உட்கார்ந்தான். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தினான். இறக்கை விளக்கு எரிந்தது, அணைந்தது. பார்வை வெளியே போய் விமானத்தைச் சுற்றி வந்தது. மூடிய கதவு ஒரு தடவை அருகில் தெரிந்தது. ஜெபராஜ் அவன் தோளில் கைவைத்துக் குனிந்து பார்த்தார்.

அடுத்த வரிசையை ஆரம்பித்தான்.

அடுத்த வேலைக்குப் போகலாமா என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தப் பொத்தானை மட்டும் அவன் தொடவில்லை.