எப்போது உட்கார, எப்போது எழ

"சின்னச் சீட்டெல்லாம் போயிட்டா உட்காரு. பெரிய சீட்டு கரைஞ்சா எழுந்திரு. பதற்றத்துல மாத்திச் செஞ்சுடாதே" என்றாள் நடீன், காரை நிறுத்தியபடியே.

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்" என்றான் அவள் கணவன் வெண்டல்.

"இன்னிக்குக் காரியம் ஆகலைன்னா வீடு நம்ம கையில நிக்காது."

வெண்டலுக்குக் கணக்கு வராது. ஆனாலும் அவள் விடாமல் மாதக்கணக்கில் சமையலறை மேஜையில் சீட்டைப் பரப்பி அவனைப் பழக்கியிருந்தாள்.

சூதாட்டத்துக்குப் பேர்போன ரீனோ நகரின் ஒரு சூதாட்டக் கூடத்தில் நல்ல கூட்டம். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் நடக்கும் ஒரு மேஜைக்குப் பின்னால் வெண்டல் கோக்கும் கையுமாக நின்றான். இரண்டு, நான்கு, ஐந்து என்று சின்னச் சீட்டுகளாக விழுந்தன. சீட்டுக்கட்டில் மிச்சமிருந்தவை பெரும்பாலும் பெரிய சீட்டுகள்; ஆடுகிறவனுக்கு அதுதான் சாதகம். உட்கார்ந்தான். எல்லோரும் பத்து டாலர் வைத்த இடத்தில் முந்நூறு வைத்து ஜெயித்தான். ராஜாவும் ராணியும் ஏஸும் வந்து தீர்ந்ததும் எழுந்து அடுத்த மேஜைக்குப் பின்னால் போய் நின்றான். அங்கேயும் அதே கதை.

மூன்றாவது மேஜையில் உட்கார்ந்தபோது, மேற்பார்வையாளர் கேரிக் ஃபோனை வைத்துவிட்டு அவன் தோளருகே வந்து நின்றார். வெண்டல் அவரைத் திரும்பிப் பார்த்தான். இருந்தும் ஐந்நூறு வைத்தான்.

"போதும் சார். நீங்க ரொம்ப நல்லா ஆடறீங்க. எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்றார் கேரிக்.

"நான் ஏதோ குருட்டாம்போக்குல..."

"மேலே கேமராவுல எங்காளும் உங்ககூடவே சீட்டை எண்ணிட்டுத்தான் இருந்தான். எப்ப உட்காரறீங்க, எப்ப எழுந்திருக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? கிளம்புங்க. உங்க போட்டோ ஊர்ல இருக்கற எல்லாக் கூடத்துக்கும் போயிடும்."

"எல்லாத்துக்குமா?" என்றான் வெண்டல்.

"ஒண்ணு விடாம."

வாசல்வரை காவலாளி ஒருவன் கூடவே வந்து அவனை வெளியே விட்டான். காரில் ஏறிய வெண்டல் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

"மாட்டிக்கிட்டியா?" என்றாள் நடீன்.

"மாட்டிக்கிட்டேன். இனிமே இந்த ஊர்ல ஒருத்தனும் என்னை உள்ள விடமாட்டான்."

நடீன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

தானாக நிறுத்தத் தெரியாமல் பத்து வருடமாகச் சம்பளத்தையெல்லாம் தோற்றுக்கொண்டிருந்த புருஷனை வாசலிலேயே தடுத்து நிறுத்த அந்த ஊரில் ஒரே வழிதான் இருந்தது: அவனுக்கு ஜெயிக்கக் கற்றுக்கொடுப்பது.