ஒரே ஒரு ஜாங்கிரி

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஜெபராஜ் ஜாங்கிரிப் படத்தைப் போட்ட சூட்டோடு, கனடாவிலிருந்து மகள் ஜெரூஷா கூப்பிட்டுவிட்டாள்.

“அப்பா, சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? வாயைக் கட்ட முடியாதா உங்களால?”

“ஒண்ணே ஒண்ணுதாம்மா.”

“அம்மாவும் இப்படித்தானே சொல்லிட்டிருந்தாங்க!”

அரை மணி நேரம் திட்டித் தீர்த்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்.

போனை வைத்ததும் கீழே இறங்கி, ஜாங்கிரியை வாட்ச்மேனிடம் நீட்டினார்.

“இன்னா சார், இந்த வாட்டியும் நீங்க துன்னலியா?”

“சுகர் வந்துடுமேப்பா!”

தினமும் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்து, அங்கே எடுத்த படத்தை மகளுக்கு அனுப்பிப் பார்த்தவர்தான் அவர். பதிலுக்கு வந்ததெல்லாம் ஒரு கட்டைவிரல் பொம்மை.