ஊசிக்குப் பயந்தவன்

துருப்பிடித்த கம்பி உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. கம்பி கட்டுகிறவனைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைத்தார் மேஸ்திரி.

நர்ஸ் ஊசியை எடுத்ததும் அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது.

“வேணாம் சிஸ்டர். மாத்திரை குடுங்க.”

“ஊசி போடாம உன்னைச் சாரத்துல ஏத்த மாட்டேன்டா” என்றார் மேஸ்திரி. “நாலாம் மாடியில ஒத்தைக் கால்ல நிப்பான் சிஸ்டர். இத்தனூண்டு ஊசிக்கு இந்தப் பாடு!”

பெஞ்சே சிரித்தது.

முழுக்கைச் சட்டையை மடக்காமல், பொத்தானைக் கழற்றித் தோளை மட்டும் வெளியே எடுத்தான்.

“கண்ணை மூடிக்கோங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

அவனால் மூட முடியவில்லை. ஊசி இறங்கியது, ஏறியது, தட்டுக்குப் போனது. அவன் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் என்னப்பா?”

“அதை வெட்டிப் போடுங்க சிஸ்டர். என் கண்ணு முன்னாடி.”

“எல்லாத்தையும் சேர்த்துச் சாயங்காலம் வெட்டுவோம். நீ கெளம்பு.”

அவன் மேஸ்திரியை ஒருதரம் பார்த்தான். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினான். நரம்பு நெடுகக் கறுத்த புள்ளிகள்.

“போதை ஊசியை விட்டு ஏழு மாசம் ஆச்சு. வலிக்கும்னு பயப்படல சிஸ்டர். அது முழுசா இங்க கெடந்தா, சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்துடுவேன்.”

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் ஊசியை வெட்டும் பெட்டிக்குள் நுழைத்து அழுத்தினார். டக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் அவன் மூச்சு விட்டான்.

மேஸ்திரி குனிந்து தோளைக் கொடுத்தார்.

“சட்டையை இறக்கிவிடுடா” என்றார் மெதுவாக. “சைட்டுல எவனாச்சும் பாத்துடப் போறான்.”