பதினோராவது மாடிப் பூனை

காலியான மீன் பாக்கெட்டை இரண்டு விரல் நுனியால் தூக்கிக் காட்டினான் சுஹாஸ்.

"பால்கனில வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி கிடந்தது. நம்மாத்துல மீனு! யார் பண்ணின வேலை இது?"

அவன் மனைவி அம்ருதா மூக்கைப் பொத்திக்கொண்டாள். வீட்டு வேலை செய்யும் சங்கமித்ரா மாப் கட்டையைப் பிடித்தபடி நின்றாள். அன்று காலை இரண்டாம் முறையாகக் குளித்துவிட்டு வந்த சுஹாஸின் அப்பா சீனிவாசராகவன், தலையைத் துவட்டக் கூட மறந்து கதவோரம் நின்றார்.

சோபாவுக்கு அடியில் பூனை சிண்டு படுத்திருந்தது. சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பியதே தவிர, யாரையும் அது பார்க்கவில்லை.

சங்கமித்ரா மாப் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நான்தான் சார் வெச்சேன். கண்ணு தெரியாம செவுத்துல போய் மோதிக்குது. பாவமா இருந்திச்சு."

"இது எப்பேர்ப்பட்ட ஆம்னு தெரிஞ்சுதானே வேலைக்கு வந்தே? நீங்கள்லாம் திங்கறதை இங்க கொண்டு வந்து..."

"போதும் சுஹாஸ், விடு" என்று அம்ருதா அவன் கையைப் பிடித்தாள். சங்கமித்ராவைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைலேர்ந்து வர வேண்டாம்."

சீனிவாசராகவன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

சிண்டு அவர் மனைவி ராஜலக்ஷ்மி வளர்த்த பூனை. மல்லேஸ்வரத்துப் பழைய வீட்டில் அதற்குத் தயிர்சாதம் பிசைந்து வைத்துவிட்டு, "எங்க சிண்டு சுத்த சைவமாக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவாள். கொல்லைப்புறத்தில் எலியும் ஓணானும் இருந்ததை அவள் யோசித்ததே இல்லை.

போன வருஷம் ராஜலக்ஷ்மி போய்ச் சேர்ந்தாள். வீட்டை விற்றார்கள். பெரியவரும் பூனையும் வைட்ஃபீல்டில் மகனுடைய அபார்ட்மென்டுக்கு வந்தார்கள். பதினோராவது மாடிக்கு எலி ஏறி வருவதில்லை.

ஆறே மாதத்தில் சிண்டுவின் முடி கொட்டியது, கண் மங்கியது. கால்நடை டாக்டர் பளிச்சென்று சொல்லிவிட்டார்: "நாய்னா பார்த்துப் பார்த்துக் குடுத்தா சைவத்துல சமாளிச்சுக்கும். பூனையால முடியாது. மாமிசம் இல்லேன்னா கண்ணு போகும். அப்புறம் இதயம்."

"எங்கம்மா பத்து வருஷம் தயிர்சாதம் போட்டுத்தானே வளர்த்தா?" என்றான் சுஹாஸ். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அதற்கு மேல் யாராலும் அவனிடம் பேச முடியவில்லை.

சங்கமித்ரா போன அன்றைக்கே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அம்ருதா விஷயத்தைப் போட்டாள். அந்த வளாகத்தில் சங்கமித்ரா வேலை பார்த்த மற்ற மூன்று வீடுகளிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். பால்கனிக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது; சாவி சுஹாஸிடம். மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, தொடாத தயிர்சாதத் தட்டின் பக்கத்தில் சிண்டு விறைத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை, செக்யூரிட்டி மஞ்சுநாத்திடம் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு சீனிவாசராகவன் மெட்ரோ ஏறினார். மெஜஸ்டிக்கில் மாறி ஸ்ரீராம்புரத்தில் இறங்கினார். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள் சங்கமித்ரா.

"ஐயா! நீங்களா?" பதறிப்போய் நாற்காலியை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுக்கலாமா, குடிப்பாரா என்று தயங்கி நின்றாள். அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

"சிண்டு எப்டி கீது?"

"போயிடுத்தும்மா."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் காலி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சங்கமித்ரா, அந்த மீனை வெச்சது நான்தான். அஞ்சு வாரமா, அவா ஆபீஸ் கிளம்பினதும் பால்கனில போட்டுண்டிருந்தேன். ஜன்மத்துல தொட்டதில்லை. ஆனா அவ வளர்த்த ஜீவன், என் கண்ணெதிரே செத்துண்டிருந்தது. அன்னிக்குத்தான் அவா வீட்லயே இருக்கான்னு தெரியாம, பாக்கெட்டை அவசரத்துல ஒளிச்சேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான்னு அப்பவே சொல்லியிருக்கணும். அதுக்கு முந்தின மாசம் கேஸ் அடுப்பை அணைக்க மறந்துட்டேன். அதுக்கே என்னை ஏதாவது முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம்னு ரெண்டு பேரும் பேசிண்டா. பயந்துட்டேன். என் பயத்துல உன் பொழைப்பும் போச்சு, அது உசிரும் போச்சு."

சொல்லி முடித்ததும் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சந்தில் யாரோ குடத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ஒண்ணு மட்டும் புரியலை. எனக்குத் தெரியாம நீயும் அதுக்கு மீன் போட்டுண்டிருந்தியா?"

"இல்லீங்க ஐயா."

"பின்னே எதுக்கு நான்தான்னு சொன்னே?"

சங்கமித்ரா அவர் கையிலிருந்த டம்ளரை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நீங்க மூக்கைப் பொத்திக்கினு அந்த பாக்கெட்டைப் பிரிக்கிறதை ஒரு வாட்டி பார்த்தேன். அவங்க ஹோம் பத்திப் பேசினதும் என் காதுல விழுந்திச்சு."

டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு வேற வீடு கிடைக்கும் ஐயா. உங்களுக்குக் கிடைக்காதே."